இனத்துக்கு +2 கொடுப்பதா? புது மேசை தொடங்குமுன் ஓர் ஒப்பீடு

ஓசூரிலோ தருமபுரியிலோ ஐந்து பேர் சேர்ந்து ஞாயிறு மதியங்களில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை ஆடும் ஆட்டம்) ஆடுவது என்று முடிவானதும், முதல் வாக்குவாதம் பாத்திரத்தின் எண்களை எழுதும் கேரக்டர் ஷீட்டிலேயே தொடங்கிவிடும். ஒருவருக்கு ஹாஃப்-ஆர்க் (ஆர்க் என்ற கற்பனை இனத்தின் கலப்பு வாரிசு) மந்திரவாதி வேண்டும். பக்கத்தில் இருப்பவர், "ஆர்க்குக்கு இன்டெலிஜென்ஸ் போனஸே இல்லையே, எதுக்கு வீணா?" என்பார். மூன்றாமவர் மவுன்டன் டுவார்ஃப் (மலைக்குள்ளர்) ஒன்றை ஏற்கெனவே கூர்தீட்டி எடுத்து வந்திருப்பார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஸ்ட்ரெங்த் (உடல்வலு), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), கான்ஸ்டிடியூஷன் (தாங்குதிறன்), இன்டெலிஜென்ஸ் (அறிவு), விஸ்டம் (விவேகம்), கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சி) என்று ஆறு ஸ்கோர்; இனத்தைப் பொறுத்து அவற்றில் கூடுவதுதான் இன போனஸ். அது எங்கே, யாருக்கு, எவ்வளவு என்று ஆட்டத்தை நடத்தும் டிஎம் அன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

சொந்தமாக ஓர் உலகம் எழுதி நீண்ட நாள் ஆடப்போகும் மேசை என்றால், போனஸை இனத்திலிருந்து எடுத்து, பாத்திரத்தின் முந்தைய தொழில், வாழ்க்கை எனும் பின்புலத்துக்குக் கொடுப்பதே நல்லது என்பது என் கட்சி. ஒரே நாளில் முடியும் ஆட்டத்துக்குப் பழைய நிலையான போனஸே போதும். மற்ற வழிகளுக்கும் இடம் உண்டு, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பொறி இருக்கிறது.

ஒரு மாடிஃபையரின் விலை

2014 விதிப்படி (ஐந்தாம் பதிப்பு) கோப்ளின் என்ற சிறு அரக்கனுக்கு ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) 15, ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) 7. முதல் லெவல் ஃபைட்டருக்கு (போர்வீரர்) ஸ்ட்ரெங்த் 16 இருந்தால் மாடிஃபையர், அதாவது பகடையில் கூட்டும் எண், +3 (ஸ்கோர் இரட்டைப்படை எண்ணைத் தொடும்போதுதான் இது ஒன்று ஏறும்). பயிற்சிக்கான ப்ரொஃபிஷியன்சி +2 சேர்த்து +5. இருபது முகப் பகடையில் 10 விழுந்தால் அடி படும், அதாவது 55 விழுக்காடு. ஸ்ட்ரெங்த் 15 என்றால் 11 விழ வேண்டும், 50 விழுக்காடு. ஐந்து விழுக்காடுதானே என்று விட்டுவிடத் தோன்றும். அதே மாடிஃபையர் டேமேஜிலும் கூடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். லாங்ஸ்வோர்டுக்கு எட்டு முகப் பகடை. +3 உள்ளவர் 4 போட்டாலே கோப்ளின் விழும், +2 உள்ளவர் 5 போட்டாக வேண்டும். 20 விழுந்தால் கூடுதல் அடி தரும் கிரிட்டிக்கலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒரே வெட்டில் சாய்க்கும் வாய்ப்பு முதலாமவருக்கு 34 விழுக்காடு, இரண்டாமவருக்கு 25. மேசையில் நாலு சுற்று ஆடினாலே இந்த வித்தியாசம் கண்ணில் படும்.

அது பிறகு சரியாகிவிடுவதும் இல்லை. 16இல் தொடங்கியவர் 4ஆம் லெவலில் 18, 8ஆம் லெவலில் 20 தொடுவார். 15இல் தொடங்கியவர் 17, 19 என்று போய் 20ஐத் தொட 12ஆம் லெவல் ஆகும் (ஃபைட்டருக்கு மட்டும் 6ஆம் லெவலில் கூடுதலாக ஒரு ஏற்றம் உண்டு). வீட்டு மேசைகளில் பல அதற்குள் கலைந்துவிடும்.

ஆகவே சமநிலையில் பார்க்க வேண்டிய முதல் கேள்வி, அந்தக் கிளாஸின் (ஃபைட்டர், மந்திரவாதி போன்ற பாத்திர வகை) முதன்மை ஸ்கோர் முதல் லெவலில் 16ஐத் தொடுகிறதா என்பதுதான். 17 ஆனாலும் மாடிஃபையர் அதே +3தான். 4ஆம் லெவலில் ஒரு புள்ளி தரும் ஃபீட் (சிறப்புத் திறமை) எடுத்து 18 ஆக்கிக்கொள்ள உதவும், அவ்வளவே.

இரண்டாவது, புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து இனங்களை எடைபோடாதீர்கள். மாடிஃபையர் எத்தனை படி ஏறுகிறது என்று எண்ணுங்கள். 2014 மனிதருக்கு ஆறு ஸ்கோரிலும் +1, மொத்தம் 6 புள்ளி. ஹாஃப்-எல்ஃபுக்குக் கரிஸ்மாவில் +2, விரும்பிய இரண்டில் +1, மொத்தம் 4. வழக்கமான 15, 14, 13, 12, 10, 8 வரிசையை எடுத்துக்கொள்வோம். மனிதருக்கு அது 16, 15, 14, 13, 11, 9 ஆகும். ஏறியது இரண்டு படி மட்டும். ஹாஃப்-எல்ஃப் 14ஐக் கரிஸ்மாவில் வைத்து 16 ஆக்கி, 15ஐ 16ஆகவும் 13ஐ 14ஆகவும் ஏற்றினால் மூன்று படி. நான்கு புள்ளி ஆறு புள்ளியை வென்றுவிட்டது. ஆனால் பாயிண்ட்-பையில் (27 புள்ளியைச் செலவழித்து ஸ்கோர் வாங்கும் முறை) ஐந்து ஸ்கோரை 13 என்று வாங்கினால் (ஒன்றுக்கு 5 வீதம் 25, மீதி 2 புள்ளி), அதே மனிதருக்கு ஐந்து படி ஏறும். இனம் பலமா பலவீனமா என்பது ஸ்கோரை எந்த முறையில் எடுக்கிறோம் என்பதோடு பின்னிக் கிடக்கிறது. ஸ்கோர் முறையை முடிவு செய்யாமல் இன போனஸைப் பற்றிப் பேசுவது வீண்.

பகடை உருட்டித்தான் ஸ்கோர் எடுப்போம் என்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான்கு ஆறுமுகப் பகடை உருட்டிச் சிறியதைக் கழிக்கும் முறையில், ஐந்து ஆட்டக்காரரில் யாராவது ஒருவருக்கு ஒரு 18 விழ ஏறக்குறைய 39 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அதன்மேல் +2 ஏறினால் முதல் லெவலிலேயே 20. பக்கத்தில் 14 வைத்திருப்பவர் என்ன செய்வார்? உருட்டுவதானால் முதல் லெவலில் 18க்கு மேல் கிடையாது என்று தாளிலேயே எழுதிவிடுங்கள்.

நிலையான போனஸ்

இதுதான் பழகிய பாதை. 1974இல் வந்த முதல் பதிப்பில் இனத்துக்கு ஸ்கோர் போனஸ் கிடையாது. கிளாஸுக்கும் லெவலுக்கும் தடை மட்டும் இருந்தது. 1978 புத்தகத்தில் டுவார்ஃபுக்குக் கான்ஸ்டிடியூஷன் +1, கரிஸ்மா -1 என்று சின்னச் சின்னதாகத் தொடங்கி, 2000இல் மூன்றாம் பதிப்பு அதை +2, -2 என்று பெரிதாக்கியது. 2008இல் நான்காம் பதிப்பு கழித்தலை எடுத்துவிட்டது. 2014 புத்தகத்தில் பெரும்பாலும் +2, +1.

இதன் பலம் வேகம். ஆட்டம் தெரியாத மூவர் வந்து உட்கார்ந்தால், "ஆர்க் எடுத்தா ஃபைட்டர், எல்ஃப் எடுத்தா வில்லு" என்று சொல்லி அரை மணி நேரத்தில் ஷீட் முடிந்துவிடும். கல்லூரி விழாவில் ஒரு மதியம் ஆட்டம் காட்டுகிறீர்கள், ஷீட்டை நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1 கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஹில் டுவார்ஃப், ஹை எல்ஃப் போல இனத்துக்கு ஒரு கிளைதான் இருக்கும். ஒரு நாள் ஆட்டத்துக்கு அது தாராளம்.

நீண்ட ஆட்டத்தில் குறை தெரியும். ஹாஃப்-ஆர்க் மந்திரவாதியின் இன்டெலிஜென்ஸ் 15ஐத் தாண்டாது. மேலே சொன்ன கணக்கு அவர் தலையில் விடியும். ஆட்டக்காரர்கள் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள்: கிளாஸை முதலில் தேர்ந்து, அதற்குப் பொருந்தும் இனத்தைப் பிறகு தேடுகிறார்கள். மூன்றாவது ஆட்டத்திலும் ரோக் (திருடர்) கிளாஸ் என்றால் ஹாஃப்லிங் இனம், வார்லாக் (ஒப்பந்த மந்திரவாதி) கிளாஸ் என்றால் டீஃப்லிங் இனம். ஒன்பது இனம் புத்தகத்தில் இருந்தும் மேசையில் நான்கே நான்கு வலம்வரும்.

கழித்தல் வேண்டாம்

மூன்றாம் பதிப்பில் ஹாஃப்-ஆர்க்குக்கு இன்டெலிஜென்ஸ் -2, கரிஸ்மா -2. 2016இல் வந்த துணைப் புத்தகம் ஒன்று ஆர்க்குக்கு இன்டெலிஜென்ஸ் -2, கோபோல்டுக்கு ஸ்ட்ரெங்த் -2 என்று ஐந்தாம் பதிப்பிலும் கழித்தலைக் கொண்டுவந்து, 2020 திருத்தத்தில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். கணக்காகப் பார்த்தாலும் கழித்தல் ஓட்டை முறைதான். மந்திரவாதி ஸ்ட்ரெங்த்தை எப்படியும் 8இல்தான் வைப்பார். அவருக்கு ஸ்ட்ரெங்த் -2 ஒரு தண்டனையே இல்லை. அதே -2 ஃபைட்டருக்குக் கேரக்டரையே கெடுத்துவிடும். தனக்குத் தேவையில்லாத ஸ்கோரில் கழித்துக்கொண்டு, தேவையான ஸ்கோரில் கூட்டிக்கொள்ளத்தான் இது வழிவிடுகிறது.

நம் மேசைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. "இந்தக் கூட்டத்தில் பிறந்தால் அறிவு குறைவு" என்று ஒரு தாளில் எழுதி வைத்தால், இங்கே உட்கார்ந்திருக்கும் ஐந்து பேருக்கும் அது டோல்கீன் காட்டைப் பற்றிய வரியாகப் படாது, சாதியாகத்தான் படும். சொந்த உலகம் எழுதுகிற டிஎம் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தேன்கனிக்கோட்டைக் காட்டு இருளரையோ சித்தேரி மலைவாழ் மக்களையோ சாயலாக வைத்து இனம் படைக்காதீர்கள், போனஸ் கொடுத்துப் பாராட்டுவதாக நினைத்தாலும் கூட. காட்டு வழி தெரிவது ஒரு தொழில்திறன். அதைப் பின்புலமாக வைத்தால் எந்தக் கேரக்டரும் எடுக்கலாம்.

எங்கே வேண்டுமானாலும் போடலாம்

2020 நவம்பரில் வந்த டாஷா என்ற துணை விதிப் புத்தகம் இன போனஸை ஆட்டக்காரரே இடம் மாற்றிக்கொள்ள அனுமதித்தது. 2022இல் வந்த இனத் தொகுப்பு இன்னும் ஒரு படி போய், எல்லா இனத்துக்கும் +2, +1 அல்லது மூன்று +1 என்று ஒரே அளவாக்கியது. நடுவில் நிற்கும் ஆட்டத்தைக் கலைக்காமல் மாற்ற இதுவே எளிய வழி. ஹாஃப்-ஆர்க் மந்திரவாதி ஒரே நொடியில் 16 தொட்டுவிடுகிறார்.

பொறி எங்கே என்றால், பழைய இனங்கள் எல்லாம் நிலையான போனஸை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மவுன்டன் டுவார்ஃபுக்கு +2, +2 என்று நான்கு புள்ளி கொடுத்ததே, அதன் மீடியம் ஆர்மர் (நடுத்தரக் கவசம்) பயிற்சி ஸ்ட்ரெங்த் கிளாஸ்களுக்கு ஏற்கெனவே இருப்பதால் எப்படியும் பயன்படாது என்பதால்தான் என்று தோன்றுகிறது. போனஸை இடம் மாற்றியதும் தடை உடைகிறது. 27 புள்ளியில் இன்டெலிஜென்ஸ் 14, கான்ஸ்டிடியூஷன் 14, டெக்ஸ்டெரிட்டி 14, விஸ்டம் 12, கரிஸ்மா 10, ஸ்ட்ரெங்த் 8 வாங்கி, முதல் இரண்டில் +2 போட்டால், 16, 16, 14 உள்ள ஒரு மந்திரவாதி. மேலே ஒரு ஸ்கேல் மெயில் கவசம் மாட்டினால் ஆர்மர் கிளாஸ் 16. மற்ற மந்திரவாதி ஒரு ஸ்பெல் ஸ்லாட்டை (மந்திரம் போடும் வாய்ப்பு) செலவழித்து மேஜ் ஆர்மர் என்ற காப்பு மந்திரம் போட்டாலும் 15தான். ஒளிந்து போவதில் தடுமாற்றம் வரும், அவ்வளவே நஷ்டம். இந்த வழியைத் தேர்ந்தால், எல்லா இனத்துக்கும் +2, +1 என்று சமன் செய்துவிடுங்கள். மவுன்டன் டுவார்ஃபின் ஒரு புள்ளியையும் ஹாஃப்-எல்ஃபின் ஒரு புள்ளியையும் வெட்டினால் முக்கால் பிரச்சினை தீரும்.

மீதி கால் பிரச்சினை, திறன்கள். எண் சமமானதும் எல்லாரும் திறன் அட்டவணையைப் பார்ப்பார்கள். அங்கே பறக்கும் அராகோக்ராவும், மந்திரத்துக்கு எதிராக எப்போதும் அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் பெரியதை எடுக்கும் சலுகை) உள்ள யுவான்-டியும் நிற்கும். இவற்றோடு ஒப்பிட்டால் +1 ஒன்றுமே இல்லை. முதல் லெவலில் பறப்பதை மட்டுமாவது தடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் மலைக்கோட்டை மதிலை ஏறும் காட்சி, பள்ளத்தைத் தாண்டும் காட்சி எல்லாம் எழுதியது எழுதியபடியே கிடக்கும்.

பாத்ஃபைண்டர் வழி

பாத்ஃபைண்டர் என்ற இன்னோர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு (2019) போனஸை நான்கு இடத்திலிருந்து ஊற்றுகிறது: இனம், பின்புலம், கிளாஸ், கடைசியில் நான்கு சுதந்திர ஏற்றம். எல்லா ஸ்கோரும் 10இல் தொடங்கும், ஒவ்வோர் ஏற்றமும் +2. டுவார்ஃபுக்குக் கான்ஸ்டிடியூஷனும் விஸ்டமும் ஏறும், கரிஸ்மா இறங்கும், விரும்பிய ஒன்று ஏறும். கரிஸ்மாவை நம்பி மந்திரம் போடும் டுவார்ஃப் சோர்சரர் அந்தச் சுதந்திர ஏற்றத்தைக் கரிஸ்மாவிலேயே போட்டாலும் 16இல் நிற்பார். மற்றவர் 18 தொடுவார். பிறகு வந்த திருத்தத்தில், இனம் எதுவானாலும் இரண்டு சுதந்திர ஏற்றம் எடுத்துக்கொள்ளலாம், இறக்கம் வேண்டாம் என்று மாற்று வழி கொடுத்தார்கள். 2023 மறுபதிப்பு ஸ்கோரையே எடுத்துவிட்டு மாடிஃபையரை மட்டும் வைத்தது. ஒற்றைப்படை ஸ்கோர் என்ற பேச்சே அதோடு ஒழிந்தது.

கணக்கில் இதுவே ஆகச் சுத்தமான முறை. விதிகள் முழுவதும் இணையத்தில் இலவசமாக, சட்டப்படியே கிடைக்கின்றன. வெளிநாட்டுப் புத்தகம் வாங்கக் கையைக் கடிக்கும் மாணவர் மேசைக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் இன போனஸுக்காக மட்டும் ஆட்டத்தையே மாற்றாதீர்கள். சண்டை, ஃபீட், செயல் கணக்கு எல்லாமே வேறு. இந்த நான்கு ஊற்று முறையை ஐந்தாம் பதிப்பில் ஒட்டவைக்கும் வேலையும் வேண்டாம். ஐந்தாம் பதிப்பில் 16 இயல்பு, பாத்ஃபைண்டரில் 18 இயல்பு. எண்கள் பொருந்தாது.

போனஸே வேண்டாம்

சிலர் இன போனஸை முழுவதும் எடுத்துவிட்டு, பதிலாக பாயிண்ட்-பையில் 27க்குப் பதில் 32 புள்ளி கொடுப்பார்கள். இது வேலை செய்யாது. பாயிண்ட்-பையில் உச்சம் 15. எத்தனை புள்ளி கொடுத்தாலும் முதன்மை ஸ்கோர் +2இலேயே நிற்கும், பக்கத்து ஸ்கோர்கள்தான் வீங்கும். எடுப்பதானால் வரிசையையே மாற்றுங்கள்: 17, 15, 13, 12, 10, 8 அல்லது 16, 15, 14, 12, 10, 8. முதலாவது +2, +1 போட்டதற்குச் சமம், இரண்டாவது மூன்று +1 போட்டதற்குச் சமம். ஆட்டக்காரர் ஒரு வரிசையைத் தேர்ந்து விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்வார். புதியவர்களுக்கு விளக்க ஒரு நிமிடம் போதும்.

பின்புலத்துக்குக் கொடுப்பது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 புத்தகம் இந்த வழிக்கு வந்துவிட்டது. பத்து இனம், பதினாறு பின்புலம்; ஒவ்வொரு பின்புலத்துக்கும் மூன்று ஸ்கோர். அவற்றில் ஒன்றில் +2, இன்னொன்றில் +1, அல்லது மூன்றிலும் +1. கூடவே ஒரு ஃபீட், இரண்டு திறன், ஒரு கருவி, பொருள் அல்லது 50 பொற்காசு. வளர்ந்த வாழ்க்கை உடம்பையும் அறிவையும் உருவாக்குகிறது என்பது கதைக்கும் ஒத்துப்போகிறது.

புத்தகத்தை அப்படியே எடுத்தால் பழைய நோய் இடம் மாறி வரும். சோல்ஜர் பின்புலத்துக்கு ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிடியூஷன் மட்டும்தான். முன்னாள் படைவீரராக இருந்த மந்திரவாதி வேண்டும் என்றால் அவர் இப்போது பழைய ஹாஃப்-ஆர்க்கின் நிலையில் நிற்பார். எல்லா மந்திரவாதியும் சேஜ் (அறிஞர்) பின்புலம் எடுத்துவிடுவார்கள். மருந்து, சொந்தப் பின்புலம் எழுதுவதில் இருக்கிறது. 2024 டிஎம் கையேடே அதற்கு வழி சொல்கிறது.

தகடூர் நாட்டை, அதியமான் காலச் சாயலில், களமாக வைத்து ஆடுகிறோம் என்று கொள்வோம். ஆறு பின்புலம் எழுதினால் போதும். பரிசல் ஓட்டிக்கு ஸ்ட்ரெங்த், கான்ஸ்டிடியூஷன், விஸ்டம். கூத்துக் கலைஞருக்கு டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிடியூஷன், கரிஸ்மா. விடிய விடிய ஆடுகிறவருக்குக் கான்ஸ்டிடியூஷன் இல்லாமல் எப்படி? கல்தச்சருக்கு ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, இன்டெலிஜென்ஸ். சந்தை வணிகருக்கு இன்டெலிஜென்ஸ், விஸ்டம், கரிஸ்மா. காட்டு வழிகாட்டிக்கு டெக்ஸ்டெரிட்டி, இன்டெலிஜென்ஸ், விஸ்டம். நடுகற்களில் நாம் பார்க்கும் ஆநிரை மீட்ட வீரர் வழியில் வந்தவருக்கு ஸ்ட்ரெங்த், கான்ஸ்டிடியூஷன், கரிஸ்மா.

எண்ணிப் பாருங்கள், ஆறு ஸ்கோரும் சரியாக மும்மூன்று முறை வருகின்றன. எந்தக் கிளாஸும் பின்தங்காமல் இருக்க இதுவே முதல் சோதனை. இரண்டாவது சோதனை ஜோடிகள்: ஆறு ஸ்கோரில் 15 ஜோடி உண்டு, மேலே உள்ள பட்டியலில் 14 கிடைக்கின்றன. இன்டெலிஜென்ஸ்–கான்ஸ்டிடியூஷன் மட்டும் இல்லை. மந்திரவாதிகள் அதைத்தான் தேடுவார்கள் என்பதால், புத்தகத்தில் உள்ள சேஜையும் ஏழாவதாக அனுமதித்துவிட்டால் ஓட்டை அடைபடும். புதுப் பின்புலம் சேர்க்கும்போதெல்லாம் இந்த இரண்டு சோதனையையும் போட்டுப் பாருங்கள்.

ஃபீட்டைப் பின்புலத்தோடு கட்டிப்போடாமல் விடுவது நல்லது. அலர்ட், டஃப், மேஜிக் இனிஷியேட் போன்றவை சாவேஜ் அட்டாக்கரைவிட எடை கூடியவை. கட்டிப்போட்டால் கதைக்காகப் பின்புலம் எடுக்க வந்தவர் ஃபீட்டுக்காக எடுப்பார். பரிசல் ஓட்டிக்கு அத்லெடிக்ஸ், சர்வைவல் என்று திறனை மட்டும் நிலையாக வைத்து, ஃபீட்டை அவரே தேரட்டும்.

அப்படியானால் இனம் எதற்கு? எண் போடாமல், வேறு யாராலும் முடியாத ஒரு காரியத்தைக் கொடுங்கள். பூதகணத்தார் குள்ளமாக இருந்தாலும் சுமை தூக்குவதில் ஒரு படி பெரிய உடம்பாகக் கணக்கு. ஓய்வுக்கு ஒரு முறை, வாங்கும் அடியில் பன்னிரண்டு முகப் பகடையும் கான்ஸ்டிடியூஷன் மாடிஃபையரும் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். நாகர் நஞ்சில் பாதிச் சேதமே படுவார், நீந்தும் வேகம் 30 அடி, கால் மணி நேரம் மூச்சடக்கலாம்; ஒகேனக்கல் மாதிரி ஓர் அருவிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க அவர்தான் இறங்க வேண்டும். நஞ்சே ஏறாது என்று எழுதிவிடாதீர்கள், பாம்புப் புற்றுக் காட்சிகள் எல்லாம் செத்துப்போகும். யாளி வம்சத்தாருக்கு ஆறு முகப் பகடைத் தந்தம், வேகம் 35. மனிதருக்கு ஒரு கூடுதல் ஃபீட், ஒரு திறன். சண்டையில் பயன்படும் திறன் ஒன்று, சண்டைக்கு வெளியே ஒன்று அல்லது இரண்டு; அதற்கு மேல் போனால் ஆட்டக்காரருக்கே நினைவில் நிற்காது.

எழுதி முடித்ததும் ஒரு வெள்ளோட்டம். 2014 கணக்கில் முதல் லெவல் ஐவருக்கு நான்கு கோப்ளின் என்றால் கடினமான சண்டை. அதையே, ஒவ்வோர் இனத்திலும் ஒருவராவது இருக்கும்படி ஆளை மாற்றி இரண்டு மூன்று தடவை ஆடிப் பாருங்கள். யார் விழுந்தார் என்பதைவிட, யாருடைய இனத் திறன் ஒரு தடவைகூடப் பயன்படவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டியது அந்த இனம்.

ஏற்கெனவே நிலையான போனஸில் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை மாற்ற வேண்டுமானால் 4ஆம் லெவல் ஏறும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அன்று எல்லாரும் எப்படியும் ஸ்கோரைத் தொடுவார்கள். இன போனஸைக் கழித்து, பின்புல போனஸைக் கூட்டி, பிறகு 4ஆம் லெவல் ஏற்றத்தைப் போடச் சொல்லுங்கள். இந்த வரிசை முக்கியம், புது ஸ்கோரைப் பார்த்த பிறகுதான் ஃபீட் எடுப்பதா ஸ்கோர் ஏற்றுவதா என்று ஆட்டக்காரர் சரியாகத் தேர முடியும். கான்ஸ்டிடியூஷன் மாறியவர்கள் ஹிட் பாயின்டை முதல் லெவலிலிருந்து மறுபடி கூட்ட வேண்டும். யாருக்காவது மாடிஃபையர் இறங்கினால் அவரை மட்டும் பழைய கணக்கிலேயே விட்டுவிடுங்கள்.